வாசலில் நின்று மருந்தை முகர்ந்தவர்

இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயம் அது. ராஜபாளையத்தில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். வயது முப்பத்தாறு. அந்தக் கோடையில் வடக்கே மலையடிவாரத்து ஊர்களில் வாந்திபேதி பரவியது. கூமாப்பட்டியில் ஆரம்பித்து மகாராஜபுரம் வரை வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் டாக்டரை அந்தப் பக்கம் போகச் சொல்லி உத்தரவு வந்தது. மருந்துப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பத்து நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று.

அந்த இரண்டு மாதத்தில் நான் ஒரு மனிதரைச் சந்தேகப்பட்டேன். இந்தக் கதையை என் மனைவியைத் தவிர யாரிடமும் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

டாக்டர் போகும்போது விஷ அலமாரியின் சாவியை என் கையில் கொடுத்தார். அபின் டிங்சர் போன்ற, அளவு தப்பினால் ஆளைக் கொல்லும் மருந்துகளை அதில்தான் வைத்திருப்போம். "இதை உன்னைத் தவிர யாரும் தொடக்கூடாது" என்றார். அதை நான் சாதாரணமாகத்தான் வாங்கி இடுப்பில் செருகினேன். ஆனால் அன்றிலிருந்தே அந்தச் சாவி என் இடுப்பில் நெருப்பு மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தது ஒரே ஒருவர்தான். புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர். காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் இளைஞர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதிகம் பேசமாட்டார். செருப்புப் போடாமல் நடப்பதால் பின்னால் வந்து நிற்பதே தெரியாது. அந்த நாட்களில் என் மனதுக்குள் அவரை 'அவன், இவன்' என்றுதான் சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதும்போது அப்படி எழுத மனம் வரவில்லை.

டாக்டர் இல்லை என்றாலும் நோயாளிகள் வருவது நிற்கவில்லை. விடிந்ததும் வாசலில் கூட்டம் நிற்கும். யாருக்காவது வயிறு கழிந்தால் அது வாந்திபேதியாக இருக்குமோ என்று பயப்படுவேன். நாடி பார்ப்பதும், மருந்து கலக்குவதும், ஊற்றிக் கொடுப்பதும், தாலுகாவுக்கு ரிப்போர்ட் எழுதுவதும் நான் ஒருவனே. இதற்கு நடுவில் என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் தாய் வீட்டில் இருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். அதற்கு முன் இரண்டு குழந்தைகள் பிறந்து தங்காமல் போயிருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் மாட்டுவண்டி பிடித்துப் போவேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன். போகும்போதெல்லாம், வாந்திபேதியை என் வேட்டியில் ஒட்டிக்கொண்டு போய் அவளிடம் சேர்க்கிறேனோ என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது வாரத்தில் உடம்பு ஏதேதோ சொல்ல ஆரம்பித்தது. மத்தியானம் ஆனால் தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போல வலிக்கும். இடது கண்ணிமை தானாகத் துடிக்கும். சோறு மண்ணாக இருந்தது. படுத்தால் தூக்கம் வராது. வந்தாலும் கோழி கூப்பிடும் முன்பே விழித்துக்கொண்டு, நெஞ்சு படபடக்கக் கிடப்பேன். அலமாரியைப் பூட்டிவிட்டு இருபது அடி நடந்ததும், பூட்டினோமா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். மறுபடியும் நடப்பேன், மறுபடியும் வருவேன். பித்தம் என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்தேன். தினமும் எத்தனையோ பேருடைய உடம்பைப் பார்த்து இன்ன நோய் என்று சொல்லும் எனக்கு, என் உடம்பைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் விநோதங்கள் நடக்க ஆரம்பித்தன.

முதலில் சீசாக்கள் இடம் மாறின. காய்ச்சல் மிக்சர் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கெண்ணெய் இருந்தது. மருந்து அரைக்கும் குழவியைக் காணோம் என்று தேடினால் அது ஜன்னல் விளிம்பில் கிடந்தது. நான் வைக்கவில்லை. அப்படியானால் யார்? இருப்பது இரண்டே பேர்.

டிரஸ்ஸரைக் கேட்டேன். "நான் தொடலியே" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து அவரைக் கண்காணித்தேன். அவர் இடுப்பில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். நான் மருந்து ஊற்றிக் கொடுத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அதை எடுத்து ஏதோ எழுதுவார். நான் திரும்பினால் மடித்துச் செருகிவிடுவார். ஒருநாள் அவர் கை கழுவப் போனபோது நோட்டு மேஜை மேல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். வலமிருந்து இடமாக அரபு எழுத்துகள். ஒன்றும் புரியவில்லை. நான் படிக்கக்கூடாது என்பதற்காகவே இப்படி எழுதுகிறான் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டினேன். அவர்கள் ஊரில் தமிழையே அந்த எழுத்தில் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அதைவிடப் பெரிய சந்தேகம் வாசலில் கிடைத்தது. ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். மருந்து வாங்கிப் போகிறவர்களை டிரஸ்ஸர் வாசல் புளியமரத்தடியில் நிறுத்துகிறார். அவர்கள் கையிலிருந்த சீசாவை வாங்குகிறார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். சிலரை அப்படியே அனுப்புகிறார். ஒரு கிழவியின் சீசாவை மட்டும் வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து கொடுக்கிறார். என்ன செய்கிறான்? மருந்தில் எதையாவது கலக்குகிறானா? பாதியை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றி நிரப்புகிறானா? ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று பொறுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, தெலுங்கு பேசும் பெரியவர் ஒருவர் காய்ச்சல் மருந்துக்கு வந்தார். நான் ஊற்றிக் கொடுத்ததைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நேத்து எர்ரகா இருந்துச்சு சாமி, இன்னிக்கி வெள்ளையா இருக்கே?" என்றார். எர்ரகா என்றால் சிவப்பாக.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "நீரு கம்பவுண்டரா, நான் கம்பவுண்டரா? குடுத்தத வாங்கிட்டுப் போம்" என்று கத்தினேன். பெரியவர் கூனிக் குறுகி வெளியே போனார். டிரஸ்ஸர் பின்னாலேயே போய் அவர் தோளில் கை வைத்து ஏதோ ரகசியமாகச் சொன்னார். ஆக, என் பெயரைக் கெடுக்கிறான், ஜனங்களை எனக்கு எதிராகத் திருப்புகிறான் என்று நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் விஷ அலமாரியைத் திறந்தேன். அபின் டிங்சர் சீசாவில் மருந்து மூன்று விரல்கடை இறங்கியிருந்தது. சாவி என் இடுப்பைவிட்டு அகலவில்லை. கள்ளச் சாவி செய்திருக்கிறான் என்று தோன்றியது. டாக்டர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வேன்? யார் என்னை நம்புவார்கள்?

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். மனைவி இலை போட்டுப் பரிமாறினாள். முதல் கவளத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அவள் கவனித்துவிட்டாள்.

"ஏன் மோந்து பாக்கீக? ஊசிப் போச்சா?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"பல்ல நெறநெறன்னு கடிச்சுக்கிட்டே இருக்கீக. ஒங்களுக்குத் தெரியுதா?"

தெரியவில்லை. அவள் சொன்ன பிறகு கவனித்தால் தாடை வலித்தது.

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு பத்து நா லீவு போட்டுட்டு இங்க வந்து இருங்களேன். நீங்க முந்தி மாதிரி இல்ல. வந்ததுலருந்து ஆஸ்பத்திரிக் கதவப் பூட்டுனனான்னு எங்கிட்ட மூணு தடவ கேட்டாச்சு. எனக்கென்னங்க தெரியும்?" என்றாள்.

லீவு என்ற வார்த்தை என் காதில் சுருக்கென்று பட்டது. நான்கு நாள் முன்புதான் டிரஸ்ஸர் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தார். "லீவு கேட்டு டாக்டருக்கு எழுதுங்களேன்" என்று. இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அதட்டிக் கேட்டேன். அவள் கண் கலங்கி உள்ளே போய் ஒரு போஸ்ட் கார்டை எடுத்து வந்து கொடுத்தாள். என் மாமனார் பெயருக்கு வந்தது. தமிழில் கோணல்மாணலாக, "தங்கள் மருமகனுக்குத் தேக சௌக்கியம் இல்லை. ஒரு தடவை வந்து பார்த்து அழைத்துப் போகவும்" என்று எழுதியிருந்தது. கீழே டிரஸ்ஸர் கையெழுத்து.

எனக்கு எல்லாம் வெட்ட வெளிச்சமாக விளங்கிவிட்டது போல இருந்தது. என்னை லீவில் அனுப்பிவிட்டு அலமாரியைக் காலி செய்யப் பார்க்கிறான். அதற்கு என் வீட்டையே கையில் போட்டுக்கொண்டான். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன். மனைவி வாசல்வரை வந்து, "அவிய நல்லதுக்குத்தானே எழுதிருக்காக" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பொறி வைத்தேன். மத்தியானம் ஆஸ்பத்திரியை மூடும்போது, விஷ அலமாரிக்கு முன்னால் தரையில் போரிக் பவுடரை மெல்லியதாகத் தூவினேன். யார் வந்தாலும் கால்தடம் விழும். வெளித் தாழ்வாரத்தில் டிரஸ்ஸர் ஒரு வண்டிக்காரரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சக்கரம் ஏறிப் பாதம் நசுங்கி, ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. "செத்த நேரத்துல வாரேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவிலிருந்த என் அறைக்குப் போனேன்.

படுத்தேன். தூங்கவில்லை என்றுதான் நினைவு. மூன்று மணி சுமாருக்கு எழுந்து வந்து கதவைத் திறந்தேன். தடம் இருந்தது! ஒன்றிரண்டு இல்லை, வந்ததும் போனதும் திரும்ப வந்ததுமாகப் பவுடரே கலைந்து கிடந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அது வெறுங்கால் தடம் இல்லை, செருப்புத் தடம். குதிகாலில் லாடம் அடித்த செருப்பு. அந்த மாதிரிச் செருப்பு என்னிடம்தான் இருந்தது. உடனே எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பழியை என் மேல் போடுவதற்காக என் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று தோன்றியது. அந்தச் செருப்பு அந்த நேரமெல்லாம் என்னோடுதான் இருந்தது என்பது புத்திக்கு எட்டவே இல்லை.

தாழ்வாரத்துக்குப் போய், வண்டிக்காரர் பார்க்கப் பார்க்க டிரஸ்ஸரின் சட்டையைப் பிடித்தேன். "ஏலே, அலமாரியத் தொறந்தியா இல்லியா? உண்மையச் சொல்லு. போலீசுக்கு எழுதிப் போட்டுருவேன்" என்று கத்தினேன்.

அவர் என் கையை விலக்கவில்லை. குனிந்து என் காலைக் காட்டினார். "அய்யா, ஒங்க செருப்பப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். இரண்டு செருப்பின் ஓரத்திலும் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருந்தது.

"நீங்கதான் வந்திய. சாப்பிடப் போன அரை மணியில திரும்ப வந்திய. அலமாரியத் தொறந்து பாத்திய, பூட்டுனிய, திரும்பத் தொறந்திய. நான் ரெண்டு தடவ கூப்பிட்டேன். நீங்க எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே போனிய. ஆனா பாக்கல."

"பொய்" என்றேன்.

வண்டிக்காரர் வலியோடு தலையைத் தூக்கி, "நெசந்தான் சாமி. நானும் பாத்தேன்" என்றார்.

டிரஸ்ஸர் என்னை மெதுவாக உள்ளே அழைத்துப் போனார். அலமாரியைத் திறக்கச் சொன்னார். பின் வரிசையில் கையை விட்டு நான்கு சின்னச் சீசாக்களை எடுக்கச் சொன்னார். நான்கிலும் அபின் டிங்சர் என்று லேபிள் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து. ஆனால் நடுங்கி, வரியைவிட்டு இறங்கி, குடித்தவன் எழுதியது போல இருந்தது. பெரிய சீசாவிலிருந்து நானே பிரித்து ஊற்றி வைத்திருக்கிறேன், அவர் அதைப் பார்த்திருக்கிறார். எப்போது என்று யோசித்தேன். யோசித்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அப்புறம் அவர் இடுப்பிலிருந்த நோட்டை எடுத்து வாசித்துக் காட்டினார். "கிழவிக்குச் சளி மருந்துக்குப் பதிலா வெளக்கெண்ணெ. மாத்திக் குடுத்தேன். தெலுங்குப் பெரியவருக்குக் காச்ச மிக்சருக்குப் பதிலா கழிச்ச மிக்சர். மாத்திக் குடுத்தேன்..." ஏழு பேர். ஏழு தடவை நான் தப்பு மருந்து கொடுத்திருக்கிறேன். ஏழு தடவையும் புளியமரத்தடியில் முகர்ந்து பார்த்துப் பிடித்திருக்கிறார்.

"டாக்டருக்கு ஏன் எழுதல?" என்றேன்.

"ரெண்டு தடவ எழுதிக் கிழிச்சுட்டேன். ஒங்க வேல போயிருமேன்னு. அது எந்தப்பு. எழுதிருக்கணும்." நோட்டை மடித்து இடுப்பில் செருகினார். "எங்க வாப்பாவுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. துறைமுகத்துல ராப்பகலா வேல. பூட்டப் பூட்டப் போய் இழுத்துப் பாப்பாவ. தலையப் பிடிச்சுக்கிடுவாவ. உம்மாவையே சந்தேகப்படுவாவ. குணம் கெட்டுப்போச்சுன்னு நாங்க எல்லாரும் ஒதுங்கிக்கிட்டோம். ஒருநா கணக்கு மேசையிலயே சாஞ்சாவ, பெறவு எந்திரிக்கவே இல்ல. அதான் ஒங்களப் பாத்ததும் எனக்குப் பயம்."

அதற்குள் அவர் வேறொன்றுக்குப் பதறிக்கொண்டிருந்தார்.

"அய்யா, மத்தியானம் நீங்க வந்தப்ப ஒரு பொம்பள கைப்பிள்ளையோட நின்னா. பிள்ளைக்கு வயித்தால போகுதுன்னா. நீங்க மருந்து ஊத்திக் குடுத்திய. நான் இவரு கால அமுக்கிப் பிடிச்சிருந்தேன், எந்திரிக்க முடியல. இரும்மான்னு சத்தம் போட்டேன். கேக்காமப் போயிட்டா. எந்தச் சீசாலருந்து ஊத்துனிய? ஞாபகம் இருக்கா?"

அந்தப் பெண்ணே எனக்கு ஞாபகம் இல்லை.

இருவரும் மருந்து மேஜைக்கு ஓடினோம். கழிச்சலுக்குக் கொடுக்கும் மிக்சர் சுண்ணாம்புத் தண்ணீர் போல வெள்ளையாக இருக்கும். வலிக்கு மேலே தேய்க்கும் கர்ப்பூரமும் டர்பன்டைனும் கலந்த லினிமெண்டும் அதே வெள்ளை. அதைக் குடித்தால் பெரியவர்களுக்கே ஆபத்து. கழிச்சல் மிக்சர் சீசா காலையில் நிரப்பி வைத்தபடி கழுத்துவரை இருந்தது. லினிமெண்ட் சீசா குறைந்திருந்தது.

டிரஸ்ஸர்தான் என்னைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போனார். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார் வளாகத்தில் தாய் வீட்டுக்குப் போவதாக அவள் சொல்லியிருந்தாளாம். ஒரு ஜட்காவை நிறுத்தி ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் அந்தக் குதிரையை விரட்டியது போல எந்தக் குதிரையையும் யாரும் விரட்டியிருக்க மாட்டார்கள். வெயில் இறங்கவில்லை. வழியில் கைக்குழந்தையோடு போகிற ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தினோம். அவள் இல்லை, அவள் இல்லை என்று டிரஸ்ஸர் சொல்லச் சொல்ல எனக்குள் ஒவ்வொன்றாக ஏதோ அறுந்துகொண்டே வந்தது. பிறந்து தங்காமல் போன என் இரண்டு குழந்தைகளின் முகங்களும் கண் முன்னால் வந்து நின்றன.

ஊருக்கு முன்னால் ஒரு கண்மாய்க் கரையில், கருவேல மர நிழலில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அழுகிற குழந்தை உயிரோடு இருக்கிற குழந்தை.

டிரஸ்ஸர் குதித்து ஓடி, "மருந்து குடுத்தியாம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவ ஊத்திப் பாத்தேன், துப்பிட்டா. நாத்தம் தாங்கலயே! மூக்கப் பொத்தி ஊத்தலாம்னு இந்தா பாலாடைய எடுத்தேன்..."

அவர் சீசாவைப் பிடுங்கி முகர்ந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, தரையில் கவிழ்த்தார். மண்ணில் வெள்ளையாக ஊறி இறங்கியது. ஜட்காக்காரரிடமிருந்து பானைத் தண்ணீர் வாங்கிக் குழந்தையின் வாயைத் துடைத்துத் துடைத்துக் கழுவினார். உதட்டோரம் சிவந்திருந்தது. நாக்கில் ஒன்றும் இல்லை. உள்ளே போகவில்லை.

நான் ரோட்டோரப் புழுதியில் உட்கார்ந்துவிட்டேன். "தப்பு மருந்து குடுத்துட்டேன் தாயி. நான்தான் குடுத்தேன்" என்றேன்.

அவள் முதலில் திகைத்தாள். பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினாள். "ஏம் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்னய்யா பண்ணுவ? தவமிருந்து பெத்த பிள்ளைய்யா இது" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். திட்டி ஓய்ந்து, குழந்தைக்குப் பால் கொடுத்தபடி என்னையே உற்றுப் பார்த்தாள்.

"ஒம்ம மொகத்தப் பாத்தப்பவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. சீக்குக்காரன் மாதிரி கண்ணு குழி விழுந்து, நான் ஒண்ணு சொன்னா நீரு எங்கிட்டோ பாத்துக்கிட்டு... மருந்து குடுக்குறவருக்கே சொகமில்ல போலருக்கேன்னு நெனச்சுக்கிட்டேதான் வாங்குனேன்" என்றாள்.

அவள் என்னைப் பார்த்தது எவ்வளவு நேரம் இருக்கும்? சீசாவை நீட்டி வாங்கிய நேரம்தான். அந்த நேரத்தில் அவள் கண்டுகொண்டதை இரண்டு மாதமாக நான் கண்டுகொள்ளவில்லை.

குழந்தையையும் தாயையும் ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தோம். சரியான மருந்தை டிரஸ்ஸர் ஊற்றினார், நான் தொடவில்லை. மறுநாள் சாயங்காலம்வரை தாழ்வாரத்திலேயே தங்க வைத்துப் பார்த்தோம். கழிச்சல் நின்று, குழந்தை பால் குடித்துச் சிரித்த பிறகுதான் அனுப்பினோம்.

அன்றே டாக்டருக்கு நானே எழுதினேன். ஏழு தவறையும், எட்டாவதையும், ஒன்றையும் விடாமல் எழுதி, சாவியை டிரஸ்ஸரிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் டாக்டர் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடைசியாக என்றைக்கு நன்றாகத் தூங்கினாய், என்ன சாப்பிட்டாய், நெஞ்சு படபடக்கிறதா என்று நோயாளியைக் கேட்பது போலக் கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பத்து நாள் என்று சொல்லிவிட்டு உன்னைத் தனியாகப் போட்டது நான். அங்கே நானும் ஒரே பெட்டியை நாலு தடவை திறந்து திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றார். ஒரு மாதம் லீவு கொடுத்தார். மதுரையிலிருந்து மாற்று ஆளுக்கும் ஏற்பாடு செய்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல் மூன்று நாள் தூங்கினேன், எழுந்து சாப்பிட்டேன், மறுபடி தூங்கினேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் நாள் ரசத்தில் உப்புக் குறைவு என்று சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு ருசி தெரிந்துவிட்டதாம். அப்புறம்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணிமை துடிப்பது நின்றது எந்த நாள் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் கவனித்தபோது துடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆவணி மாதத்தில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தங்கியது.

லீவு முடிந்து திரும்பிய அன்று டிரஸ்ஸரின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடித்தவன் ஆயிற்றே. அவருக்கு அது பெரிய சங்கடமாகப் போய்விட்டது. "விடுங்க, சட்ட பழசுதான்" என்றார். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நான் ஊற்றிய மருந்தை அவர் முகர்ந்து பார்ப்பார், அவர் போட்ட கட்டை நான் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன். அதில் ஒருவருக்கும் கௌரவக் குறைச்சல் தோன்றவில்லை.

எனக்கு வந்ததற்கு வைத்திய நூலில் என்ன பெயர் என்று இன்றைக்கும் தெரியாது. தலை வலித்தபோதும், தூக்கம் போனபோதும், சோறு ருசிக்காதபோதும் உடம்பு மரியாதையாகத்தான் சொல்லிப் பார்த்தது. நான் கேட்கவில்லை என்றதும் ஊரில் உள்ள எல்லாரையும் எனக்கு விரோதியாகக் காட்டியது. இப்போது எனக்கு வயதாகிவிட்டது. என்றாலும், யாரோ எனக்குக் கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்று எப்போதாவது மனதில் தோன்றினால், அந்த ஆளை விசாரிப்பதற்கு முன்னால் நான் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று என்னைத்தான் முதலில் விசாரித்துக்கொள்கிறேன்.